டிஸ்பிளே வருதில்லையா? பஸர், டிபக் காட், பவர் டெஸ்டர், மீற்றர்: எதற்குக் காசு கொடுக்கலாம்

நாலு சாமானில் ஒன்றை மட்டும்தான் வாங்கலாம் என்றால் ஆகச் சின்னதை வாங்குங்கள்: மதர்போட்டில் குத்தினால் கோளாறைச் சத்தத்தால் சொல்கிற பஸர். ஒரு கொத்து ரொட்டிக் காசுகூட அதற்குத் தேவைப்படாது. இரண்டாவதாக ஒரு சாதாரண மல்டிமீற்றர். பவர் சப்ளை டெஸ்டர் கையில் இருந்தால் வசதி, இல்லாவிட்டாலும் குடி முழுகாது. ஒன்லைனில் சிவப்பு எழுத்து மின்ன மின்னப் படம் போட்டு விற்கிற, போட் எந்தக் கட்டத்தில் நின்றது என்று எண்ணால் காட்டுகிற டிபக் காட்டைப் பற்றித்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அது பொய்ச் சாமான் இல்லை. ஆனால் உங்கள் மதர்போட்டின் வயதைப் பார்க்காமல் வாங்கினால், மேசை லாச்சிக்குள் சும்மா கிடக்கிற சாமான்களோடு அதுவும் சேர்ந்துவிடும்.

மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் ஆட்கள் தாமே பூட்டுகிற கொம்பியூட்டர் ஒரே கடையிலிருந்து வருவது குறைவு. கேஸ் கல்முனையில் வாங்கியது, மதர்போட்டும் சிபியுவும் கொழும்பு யுனிட்டி பிளாசா பக்கம் எடுத்த செக்கன் ஹேண்ட், ரேம் கூரியரில் வந்தது, மொனிட்டர் ஏதோ ஒரு அலுவலகம் கழித்துவிட்ட சதுரத் திரை. அதனால்தான் "ஃபேன் சுத்துது, லைட் பத்துது, டிஸ்பிளே வருதில்ல" என்ற ஒரே வசனத்துக்குள் ஆறேழு நோய் ஒளிந்திருக்கிறது. ஃபேன் சுற்றுவது 12 வோல்ட் வந்துவிட்டது என்பதற்கு மட்டுமே சாட்சி. சிபியு ஒரு கட்டளையையாவது வாசித்ததா என்பது ஃபேனுக்குத் தெரியாது. அந்தக் கேள்விக்கு எந்தச் சாமான் எவ்வளவு தூரம் பதில் சொல்கிறது என்பதை வைத்தே இங்கே மதிப்பு.

சதம் செலவில்லாமல் முதலில் பார்க்க வேண்டியவை

மொனிட்டர் கேபிள் எந்தத் துளையில் இருக்கிறது? கேஸின் பின்பக்கம் மேலே நெடுக்காக அடுக்கியிருப்பவை மதர்போட்டின் துளைகள். கீழே குறுக்காக இருப்பவை கிராபிக்ஸ் காட்டின் துளைகள். காட் பூட்டியிருந்தால் கேபிள் கீழேதான் போக வேண்டும். காட் இல்லாமல் பூட்டியவர்கள் சிபியுவின் பெயரைக் கடைசி எழுத்து வரை வாசிக்க வேண்டும். ஐ5-12400 என்றால் உள்ளே கிராபிக்ஸ் உண்டு, 12400எஃப் என்றால் இல்லை. ரைசன் 5 5600ஜி என்றால் உண்டு, 5600இலும் 5600எக்ஸிலும் இல்லை. மதர்போட்டில் எச்டிஎம்ஐ துளை இருப்பதை நம்பி ஏமாறுகிறவர்கள் அதிகம். அந்தத் துளை இரண்டு வகைச் சிபியுவுக்கும் பொதுவாக வைத்தது. உள்ளே கிராபிக்ஸ் இல்லாத சிபியுவைப் பூட்டினால் அது வெறும் ஓட்டைதான்.

சதுரத் திரைக்காரர்களுக்கு இன்னொரு சிக்கல். அந்த மொனிட்டர்களில் பெரும்பாலும் விஜிஏ மட்டும்தான். ஜிடிஎக்ஸ் 1050 டிஐ போன்ற காட்டுகளில் விஜிஏக்குத் தேவையான அனலொக் சிக்னலே கிடையாது. அதிலுள்ள டிவிஐ துளை டிவிஐ-டி வகை. பழைய டிவிஐ–விஜிஏ மாற்றியில் தட்டையான தகட்டைச் சுற்றி நாலு ஊசி இருக்கும், அந்த நாலுக்கும் இங்கே துளை இல்லை. சிலர் குறட்டால் அந்த நாலு ஊசியையும் முறித்துவிட்டு மாற்றியைக் குத்துகிறார்கள். உள்ளே போகும், படம் வராது. அனலொக் சிக்னல் போகிற ஊசிகளே அவைதான். எச்டிஎம்ஐ–விஜிஏ மாற்றி உள்ளே சிப் வைத்தது, அது வேலை செய்யும். ஆனால் மலிந்த சில மாற்றிகள் பயோஸ் (விண்டோஸுக்கு முன் போட்டை எழுப்புகிற மென்பொருள்) கட்டத்தில் உறங்கிக் கிடந்து விண்டோஸ் வந்த பிறகுதான் விழிக்கும். சந்தேகம் இருந்தால் வீட்டு டிவியில் எச்டிஎம்ஐ கேபிளை நேரே குத்திப் பாருங்கள். டிவியில் படம் வந்தால் கேஸைத் திறக்கவே தேவையில்லை.

அடுத்தது சிபியுவுக்குத் தனியாகப் போகிற கரண்ட். மதர்போட்டின் மேல் மூலையில், சிபியுவுக்குப் பக்கத்தில் 4 அல்லது 8 ஊசித் துளை இருக்கும். பெரிய 24 ஊசியைக் குத்திவிட்டு இதை மறந்தால் லைட் பத்தும், ஃபேன் சுற்றும், வேறொன்றும் நடக்காது. கிராபிக்ஸ் காட்டுக்குப் போகிற 6+2 கேபிளும் பார்வைக்கு 8 ஊசிதான். ஆனால் ஊசிக் கூடுகளின் வடிவம் வேறு, 12 வோல்ட் வருகிற பக்கமும் வேறு. லேசாகப் போகவில்லை என்றால் அழுத்த வேண்டாம், அது தவறான கேபிள்.

ரேமை "பூட்டியாச்சு" என்று சொல்கிறவர்களில் பலர் பாதிதான் பூட்டியிருப்பார்கள். ஒரு பக்கம் மட்டும் கொக்கி உள்ள துளைகளில் இது அடிக்கடி நடக்கும். கொக்கிப் பக்கம் "டக்" என்று விழுந்துவிடும், மறுபக்கம் ஒரு மில்லிமீற்றர் தூக்கிக்கொண்டு நிற்கும். ரோச் லைட்டைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். தங்கநிறக் கோடு ஒரு முனையில் தெரிந்து மறுமுனையில் மறைந்திருந்தால் அதுதான் குற்றவாளி. நாலு துளை உள்ள போட்டில் ஒற்றை ரேமை, கையேடு வேறு சொன்னாலொழிய, சிபியுவிலிருந்து இரண்டாவது துளையில் பூட்ட வேண்டும்.

டிடிஆர்5 ரேமோடு புதிதாகப் பூட்டியவர்கள், குறிப்பாக ஏஎம்5 (ஏஎம்டியின் புதிய சொக்கட்) போட்டுக்காரர்கள், முதல் தடவை 15 நிமிடம் பேசாமல் விட்டுப் பார்க்க வேண்டும். ரேமின் வேகத்தையும் நேரக்கணக்கையும் போட் தானே அளந்து பழகுகிற வேலை அது. திரை கறுப்பாகவே இருக்கும், இடையில் ஒன்றிரண்டு தடவை தானாக நின்று எழும்பும். பொறுமையில்லாமல் சுவிட்சை அமத்தினால் அந்தப் பழக்கம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். "மூன்று நாளாக டிஸ்பிளே இல்லை" என்று கடைக்கு வருகிற புதுப் போட்டுகளில் சில, கடைக்காரர் பிளேன் டீ குடித்து முடிக்கிற நேரத்தில் தானாகவே சரியாகிவிடும்.

பஸர்: நாலிலும் நம்பர் ஒன்

கறுப்பு உருளை, இரண்டு வயர், நாலு துளைச் சொக்கட். இதற்குமேல் அதில் ஒன்றுமில்லை. முன்பெல்லாம் கேஸோடு சும்மா வரும், இப்போது பெரும்பாலும் வருவதில்லை. மதர்போட்டின் கீழ் ஓரத்தில் ஸ்பீக்கர் என்று குறித்த நாலு ஊசியில் குத்த வேண்டும். சிவப்பு வயர் 5 வோல்ட் ஊசிக்கு, மற்றது நாலாவது ஊசிக்கு, நடு இரண்டும் சும்மா. சில போட்டுகளில் பவர் சுவிட்ச் ஊசிகளோடு ஒரே தொகுதியாக இருக்கும். அங்கே கையேட்டைப் பார்க்காமல் குத்தக் கூடாது.

இதன் பெறுமதி முழுவதும் ஒரு சோதனையில் இருக்கிறது. பிளக்கைக் கழற்றுங்கள். எல்லா ரேமையும் எடுத்து வெளியே வையுங்கள். கிராபிக்ஸ் காட்டையும் கழற்றுங்கள். இப்போது பிளக்கைக் குத்தி ஓன் பண்ணுங்கள்.

பஸர் கத்தினால் நல்ல செய்தி. ரேம் இல்லை என்று முறையிடுவதற்குச் சிபியு எழும்ப வேண்டும், பயோஸ் சிப்பிலிருந்து கட்டளை வாசிக்கப்பட வேண்டும், போட்டின் வோல்ட்டேஜ் கட்டங்கள் சரியாக இருக்க வேண்டும். ஒரு கத்தலில் அத்தனையும் உயிரோடு இருப்பது தெரிந்துவிடுகிறது. இனித் தேட வேண்டியது ரேம், ரேம் துளை, கிராபிக்ஸ் காட், மொனிட்டர் மட்டும். ஒரு ரேமைப் பூட்டிப் பாருங்கள். கத்தல் மாறாவிட்டால் துளையை மாற்றுங்கள், பிறகு ரேமை மாற்றுங்கள். கத்தல் நின்று, படமும் இல்லை என்றால் காட் பக்கம் போங்கள்.

ரேம் இல்லாமலும் மௌனம் என்றால் பிரச்சினை ரேமுக்கு முந்தின கட்டத்தில்: பவர் சப்ளை, சிபியு, சிபியுவின் 8 ஊசிக் கேபிள், பயோஸ், அல்லது போட்டே. ஆயிரக்கணக்கில் காசு கொடுத்துப் புது ரேம் வாங்கிவந்து பூட்டிப் பார்க்கிற வீண் வேலையை இந்த மௌனம் தடுத்துவிடும்.

கத்தலை எண்ணுவதில் ஒரு பொறி உண்டு. ஏசுஸ் போட்டில் ஒரு நீளம், இரண்டு குறில் என்றால் ரேம் தெரியவில்லை. ஒரு நீளம், மூன்று குறில் என்றால் கிராபிக்ஸ் இல்லை. ஆனால் அவார்ட் பயோஸ் உள்ள பழைய போட்டில் அதே ஒரு நீளம், இரண்டு குறில் என்றால் கிராபிக்ஸ் காட் கோளாறு. ஆகவே யாரோ எழுதிய பொதுப் பட்டியலை நம்பாமல் உங்கள் போட்டின் கையேட்டையே திறவுங்கள். ரேம் இல்லாத சோதனைக்கு மட்டும் எந்தக் கையேடும் தேவையில்லை. கத்துகிறதா இல்லையா என்பதே போதும்.

குறைகளும் உண்டு. பஸர் ஊசிகளே இல்லாத போட்டுகள் இருக்கின்றன. ஏஎம்டியின் முந்தின சொக்கட்டான ஏஎம்4 போட்டுகள் சில ரேம் இல்லாவிட்டாலும் வாய் திறப்பதில்லை. வயர் உருளையோடு சேர்கிற இடம் நாலைந்து தடவை வளைத்தால் அறுந்துவிடும், அதனால் இரண்டாக வாங்கிக்கொள்வது நல்லது. மௌனத்தை நம்ப முன் வேலை செய்கிற வேறொரு கொம்பியூட்டரில் பஸரை ஒருக்கா குத்திப் பாருங்கள். செத்த பஸரை நம்பிப் போட்டைக் குப்பையில் போடக் கூடாது.

பஸர் வாய் திறக்காத புதிய போட்டில் கண்ணை மூலைக்குத் திருப்புங்கள். எம்எஸ்ஐ, ஏசுஸ், ஜிகாபைட், அஸ்ரொக் நாலிலும் இப்போது பல மொடல்களில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று எழுதிய நாலு சின்ன லைட் உண்டு. ஓன் பண்ணியதும் ஒவ்வொன்றாகப் பற்றி அணையும். எது அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் வேலை நின்றிருக்கிறது. டிராம் லைட் நிற்பது ரேம் செத்ததற்கு முடிவான அத்தாட்சி இல்லை. இன்டெல் போட்டில் சொக்கட்டுக்குள் ஒரு ஊசி வளைந்தாலும், குளிரூட்டியை ஒரு பக்கம் மட்டும் இறுக்கினாலும் அதே லைட்தான் நிற்கும்.

டிபக் காட்: ஜி41க்கு ராஜா, புதுசுக்குக் கூஜா

பிசிஐ என்ற பழைய வகைத் துளையில் குத்துகிற பச்சைப் பலகை, நாலு இலக்கத் திரை. போட் எழும்பும்போது பயோஸ் ஒவ்வொரு கட்டத்திலும் 80ஆம் இலக்கப் போர்ட்டுக்கு ஒரு எண்ணை எழுதும், காட் அதைப் பிடித்துக் காட்டும். வழக்கமாக இரண்டு இலக்கம் இப்போதைய கட்டத்துக்கு, மற்ற இரண்டு முந்தின கட்டத்துக்கு. எந்த எண்ணில் உறைந்து நிற்கிறதோ அந்தக் கட்டத்தில் கோளாறு.

இன்டெலின் பழைய ஜி41 சிப்செட் உள்ள போட்டில் இது நன்றாக வேலை செய்யும். அந்தச் சிப்செட்டோடு வருகிற ஐசிஎச்7 சிப்பிலேயே பிசிஐ இருப்பதால் எண்கள் முதல் நொடியிலிருந்தே துளைக்கு வந்துவிடும். பி75 போட்டிலும் பிசிஐ சொந்தமாக உண்டு. எச்61 வேறு கதை. சிப்செட்டில் பிசிஐ இல்லை, சில கம்பனிகள் இடையில் ஒரு பாலச் சிப் வைத்துத் துளையைக் கொடுத்தன. அந்தப் பாலம் விழிக்க முன் போன எண்கள் காட்டுக்குத் தெரியாது. அதற்குப் பிந்திய போட்டுகளில் பெரும்பாலானவற்றில் பிசிஐ துளையே இல்லை. "பிசிஐ எக்ஸ்பிரஸ் வகையும் உண்டு" என்று விற்கிறவற்றை மேசைக் கொம்பியூட்டரின் துளையில் குத்தினால் பெரும்பாலும் நாலு கோடு அல்லது நாலு பூச்சியம்தான். அந்தத் துளைக்கு 80ஆம் போர்ட்டின் எண்ணை அனுப்ப வேண்டும் என்ற கட்டாயம் போட் செய்கிறவருக்குக் கிடையாது. காட்டில் பழுதில்லை, சேதியே வரவில்லை. டிபிஎம் என்று குறித்த ஊசிகளில் குத்துகிற, எல்பிசி என்ற பழைய சிக்னல் பாதையில் இயங்கும் வகைகள் சில போட்டுகளில் சரிவரும். ஆனால் புதியவற்றில் அந்த ஊசிகள் எஸ்பிஐ என்ற வேறு பாதைக்கு மாறிவிட்டன. ஊசி எண்ணிக்கையைப் பார்த்து வாங்காவிட்டால் குத்தவே முடியாது.

சரியான போட்டில் குத்தினால் எண்ணுக்கு முன் பக்கத்து லைட்டுகளைப் பாருங்கள். பலர் இதைக் கவனிப்பதில்லை. 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் லைட் மூன்றும் பற்ற வேண்டும். ரீசெட் லைட் ஓன் பண்ணியதும் ஒருக்கா மின்னி அணைய வேண்டும். அணையாமல் நின்றால் போட் ரீசெட்டிலேயே பிடிபட்டுக் கிடக்கிறது. பவர் சப்ளை "நான் ரெடி" என்று சொல்கிற சாம்பல் வயர் சிக்னல் வரவில்லை, அல்லது கேஸின் ரீசெட் பட்டன் உள்ளே சிக்கிக்கொண்டிருக்கிறது. முன்பக்க வயர்களைக் கழற்றிவிட்டு, பவர் சுவிட்ச் ஊசி இரண்டையும் ஸ்குரூட்ரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டு ஓன் பண்ணினால் பட்டன் சந்தேகம் தீர்ந்துவிடும்.

எண்களில் அவார்ட் பயோஸ் காட்டுகிற சி1 ரேம் தேடுகிற கட்டம், அதில் உறைந்தால் ரேமும் துளையும். ஏஎம்ஐயின் பிந்திய பயோஸில் 55 என்றால் ரேம் இல்லை, டி6 என்றால் படம் காட்ட ஒரு வழியும் இல்லை. எஃப்எஃப் என்பது தொடக்கத்திலிருந்தே நின்றால் சிபியு ஓடவேயில்லை என்று கொள்ளலாம். ஆனால் பல எண்கள் ஓடி முடிந்து கடைசியில் எஃப்எஃப் வந்தால், அவார்டில் அது பூட் பண்ணப் போகிற கட்டம். அதாவது போட் சுகமாக இருக்கிறது, மொனிட்டரையும் கேபிளையும் பாருங்கள். ஒரே எண்ணுக்கு எதிரெதிரான இரண்டு அர்த்தம். காட்டோடு வருகிற சின்னப் புத்தகத்தில் இது தெளிவாக இருக்காது, அதனால் முதல் எண்ணிலிருந்தே கண் வைத்திருக்க வேண்டும். போனில் வீடியோ எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

தீர்ப்பு: பழைய ஜி41, பி75 போட்டுகளைத் திருத்துகிறவருக்கு வாங்கத் தக்கது. வீட்டில் ஒரு புதுக் கொம்பியூட்டர் மட்டும் வைத்திருப்பவருக்குத் தேவையில்லை.

பவர் டெஸ்டரும் மீற்றரும்

24 ஊசி, 8 ஊசி, 6 ஊசி எல்லாம் குத்தக்கூடிய சின்னத் திரை டெஸ்டர் பாவிக்க லேசானது. குத்தியதும் தானே பவர் சப்ளையை ஓன் பண்ணி, 12, 5, 3.3, மைனஸ் 12, 5 ஸ்டாண்ட்பை என்று எல்லாவற்றையும் ஒரே திரையில் காட்டும். 12 வோல்ட் 11.4க்கும் 12.6க்கும் இடையில், 5 வோல்ட் 4.75க்கும் 5.25க்கும் இடையில், 3.3 வோல்ட் 3.14க்கும் 3.47க்கும் இடையில் இருக்க வேண்டும். பிஜி (பவர் குட், அதாவது பவர் சப்ளை ரெடி என்று சொல்ல எடுக்கிற நேரம்) என்று காட்டுகிற எண் 100க்கும் 500க்கும் இடையில் இருக்க வேண்டும், அது மில்லிசெக்கன்.

பிஜிதான் இந்தச் சாமானின் சிறப்பு. சாதாரண மீற்றரால் அந்த நேரத்தை அளக்க முடியாது. வோல்ட்டேஜ் எல்லாம் சரியாக இருந்தும் பிஜி தவறினால் போட் எழும்பாது.

ஆனால் டெஸ்டர் பவர் சப்ளையிடமிருந்து இழுப்பது மிகச் சொற்பம். கேஸோடு சும்மா வந்த, தூக்கினால் பஞ்சு போல இருக்கிற, ஸ்டிக்கரில் மட்டும் 500 வோட் உள்ள பவர் சப்ளைகள் இதில் அழகாகப் பாஸாகும். பூட்டி ஓன் பண்ணியதும் படுத்துவிடும். டெஸ்டர் "பழுது" என்றால் நம்பலாம். "நல்லது" என்றால் அரைவாசிதான் நம்பலாம்.

மீதி அரைவாசிக்கு மீற்றர். டீசி 20 வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையைக் கறுப்பு வயரிலும் சிவப்பு முனையை மஞ்சள் வயரிலும், 24 ஊசிச் சொக்கட்டின் பின்பக்கத்தால் நுழைத்து, கொம்பியூட்டர் ஓன் ஆகிற கணத்தில் பாருங்கள். 12.1இல் இருந்தது 11.4க்குக் கீழே சரிந்து போட் நின்றால் பவர் சப்ளைதான். மஞ்சள் வயரில் உள்ள சிவப்பு முனை கறுப்பு வயரில் முட்டிவிடாமல் கவனம். ஓஃபில் இருக்கும்போது ஊதா வயரில் 5 வோல்ட் வருகிறதா என்றும் பாருங்கள், இல்லையென்றால் பவர் பட்டனை எத்தனை தடவை அமத்தியும் பயனில்லை. பவர் சப்ளையைத் தனியே ஓன் பண்ண, 24 ஊசியில் பச்சை வயரையும் பக்கத்துக் கறுப்பையும் ஒரு கடுதாசிக் கிளிப்பால் இணைக்கலாம். எல்லா வயரும் கறுப்பு என்றால் அது 16ஆம் ஊசி, அதன் இரண்டு பக்கத்து ஊசியும் எர்த். கிளிப்பைப் போடுவது பிளக் கழற்றியிருக்கும்போது மட்டும்.

மலிந்த மஞ்சள் மீற்றர்கள் போதும், ஒரு எச்சரிக்கையோடு. உள்ளே உள்ள 9 வோல்ட் பற்றரி இறங்கினால் அவை கூடுதலாகக் காட்டும். 12 வோல்ட் 13க்கு மேல் தெரிந்தால் பவர் சப்ளையைத் திட்ட முன் மீற்றரின் பற்றரியை மாற்றுங்கள். அதே மீற்றரால் மதர்போட்டின் சிஆர்2032 பற்றரியையும் பாருங்கள். புதிது 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும், 2.8க்குக் கீழே என்றால் மாற்றிவிடுங்கள். பெரும்பாலான போட்டுகள் செத்த பற்றரியோடும் எழும்பும், ஆனால் எழும்பாத பழைய போட்டுகளும் உண்டு.

பின்பக்கத்தில் 115/230 என்று சிவப்புச் சுவிட்ச் உள்ள பவர் சப்ளையில் அது 230இல் நிற்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்த கேஸ் என்றால் பிளக் குத்த முன் பாருங்கள். 115இல் வைத்து நமது கரண்டைக் கொடுத்தால் "பட்" என்ற சத்தத்தோடு கதை முடியும்.

நாலு சாமானும் நேரே சொல்லாதவை

முதலாவது பயோஸ் வயது. பி450 போட் வந்தது 2018இல், ரைசன் 5000 வந்தது 2020 கடைசியில். கடையில் அல்லது கூரியரில் வாங்கிய பி450இல் பழைய பயோஸ் இருந்தால் 5600ஐ அது அடையாளமே காணாது: ஃபேன் சுற்றும், படம் இல்லை, போட்டும் நல்லது, சிபியுவும் நல்லது. எச்610, பி660 போட்டில் 13ஆம் தலைமுறைச் சிபியு பூட்டினாலும் இதே நிலை வரலாம். பயோஸ் ஃபிளாஷ்பேக் பட்டன் உள்ள போட் என்றால் சிபியு இல்லாமலே திருத்தலாம்: 24 ஊசி, 8 ஊசி இரண்டையும் குத்தி, எஃப்ஏடி32 முறையில் ஃபோர்மட் பண்ணிய பென் டிரைவில் பயோஸ் கோப்பைப் போட்டு, அதற்கென்று குறித்த யுஎஸ்பி துளையில் குத்திப் பட்டனை அமத்த வேண்டும். கோப்பின் பெயரைக் கையேடு சொல்கிறபடியே மாற்ற வேண்டும், ஒரு எழுத்துப் பிழைத்தாலும் லைட் சில தடவை மின்னி நின்றுவிடும். லைட் மின்னிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் பயோஸ் அரைகுறையாகிவிடும். யூபிஎஸ் இருந்தால் அதில் குத்திச் செய்யுங்கள், மழை இருட்டில் தொடங்க வேண்டாம்.

இரண்டாவது, "செக் பண்ண" என்று லாச்சியிலிருந்து எடுக்கிற பழைய கிராபிக்ஸ் காட். ஜிஃபோர்ஸ் 210, எச்டி 5450 போன்றவற்றில் யுஇஎஃப்ஐ என்ற புதிய பயோஸ் முறைக்கான பகுதி பெரும்பாலும் இல்லை. விண்டோஸ் 11க்காக சிஎஸ்எம் (பழைய முறைக் காட்டுகளையும் ஏற்க விடுகிற பயோஸ் அமைப்பு) அணைத்துவைத்த புதுப் போட்டில் அதைப் பூட்டினால் படம் வராது. "நல்ல காட்டிலும் வரல்ல, அப்ப போட்தான் போய்ட்டு" என்ற தவறான முடிவு இங்கேதான் பிறக்கிறது. முதலில் சிமொஸை (பயோஸ் அமைப்புகளைச் சேமித்துவைக்கிற இடம்) அழியுங்கள்: பிளக்கைக் கழற்றி, பற்றரியை எடுத்து, பவர் பட்டனைச் சில செக்கன் அமத்தி, சிமொஸ் ஊசி இரண்டையும் ஸ்குரூட்ரைவரால் பத்துச் செக்கன் தொட்டுவிட்டுப் பூட்டுங்கள்.

மூன்றாவது நம்முடைய காற்று. கல்லடி, நாவலடி, சாய்ந்தமருது போலக் கடலை ஒட்டிய வீடுகளில் ரேமின் தங்க முனையில் மங்கலான படை ஒன்று பிடிக்கும். வெள்ளை அழிறப்பரால் நீளப்பாட்டில் மெதுவாகத் தேய்த்து, தூளைத் தூரிகையால் தட்டி, ஐசோபுறப்பைல் அல்ககோல் தொட்ட துணியால் துடைத்தால் போதும். உப்புத்தாள், கத்தி வேண்டாம். மார்கழி மழைக் காலத்தில் நிலத்தில் வைத்த கேஸ்களும், பல்லி புகுந்து சுருண்ட பவர் சப்ளைகளும் இந்தக் கணக்கில்தான். ஐப்பசி இடிமின்னலுக்குப் பிறகு செத்த போட் என்றால் ரவுட்டரிலிருந்து வருகிற லேன் கேபிளைச் சந்தேகியுங்கள். லேன் துளைக்குப் பக்கத்துச் சிப் தொட முடியாத சூடு என்றால் மின்னல் அந்த வழியாக வந்திருக்கிறது.

நாலாவது, கேஸுக்கும் போட்டுக்கும் இடையிலான பித்தளைத் தூண். போட்டில் துளை இல்லாத இடத்தில் ஒரு தூண் மீதியாக நின்றால் பின்பக்க ஈயத்தில் முட்டிச் சோட் ஆகும். போட்டை வெளியே எடுத்து அதன் கடுதாசிப் பெட்டிமேல் வைத்து, சிபியு, குளிரூட்டி, ஒரு ரேம், இரண்டு பவர் கேபிள், பஸர் இவற்றோடு மட்டும் ஓன் பண்ணுங்கள். பெட்டிமேல் எழும்பி கேஸுக்குள் எழும்பாவிட்டால் தூண்தான்.

கடைக்குக் கொண்டுபோவதென்றால்

இவ்வளவும் பார்த்துப் பஸர் மௌனமாகவே இருந்தால் இனிக் கடைதான். கடையில் நீங்கள் காசு கொடுப்பது ஒரே ஒரு விடயத்துக்கு: நல்லது என்று தெரிந்த இன்னொரு சிபியுவும் இன்னொரு பவர் சப்ளையும் அங்கே இருக்கிறது. அதனால் "செக் பண்ணித் தாங்க" என்று விடாமல், "இதே சொக்கட்டுக்கு வேற சிபியு ஒண்டு போட்டுப் பாத்தீங்களா?" என்று கேளுங்கள். மாற்றிப் பார்க்காமல் "போட் போய்ட்டு" என்றால் அது ஊகம், அதற்குச் செக்கிங் சார்ஜ் கொடுப்பது நட்டம். உங்கள் சொக்கட்டுக்குரிய சிபியு அந்தக் கடையில் இருக்கிறதா என்பதைக் கோல் எடுத்துக் கேட்டுவிட்டே புறப்படுங்கள். இன்டெலின் பழைய 775, 1155 சொக்கட்டுகளுக்கு இருக்கும், ஏஎம்5க்கு இருப்பது அரிது. கொடுக்கும்போது ரேம், போட் இரண்டின் சீரியல் நம்பரையும் போனில் படம் எடுத்து, பற்றுச்சீட்டிலும் எழுதச் சொல்லுங்கள்.

உத்தரவாதம் இருக்கிற சாமான் என்றால் கடையில் யாரும் ஈயம் வைக்க விடாதீர்கள். அது பெரும்பாலும் கொழும்புக்குப் போய்த்தான் திரும்பும், திறந்த அடையாளம் இருந்தால் அப்படியே திரும்பி வரும். இன்டெல் போட்டை அனுப்புகிறவர்கள் சொக்கட்டின் கறுப்புப் பிளாஸ்டிக் மூடியைத் தேடி எடுத்து மூடிய பிறகே பெட்டியில் வைக்க வேண்டும். மூடி இல்லாமல் போன போட்டின் ஊசி வழியில் வளைந்தால், வளைத்தது நீங்கள் இல்லை என்று காட்ட உங்களிடம் ஒன்றுமிருக்காது. மூடியோடு, மூடுவதற்கு முன் சொக்கட்டை நெருக்கமாக எடுத்த படம் ஒன்றும் கையில் இருக்கட்டும்.